பன்னிரண்டாம் வரிசையின் காற்று

அட்டகாமா. மதியம் இரண்டு மணி.
சோலார் தகட்டின் முதுகில் ஒட்டிய வெப்பமானி
ஐம்பத்தெட்டு டிகிரி என்கிறது.
ஹசிந்தா ஒயார்சூனின் மடிக்கணினி
நாற்பத்தொன்பது என்கிறது.
இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.
வெப்பமானிக்குச் சம்பளம் கிடையாது.

ஒன்பது டிகிரி ஒரு பெரிய விஷயமா என்பீர்கள்.
சூடேறினால் தகட்டுக்குச் சோம்பல் வரும்.
நூறு வாட்டுக்கு மூன்றரை வாட்
சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.
சந்தியாகோவில் கடன் கொடுத்த வங்கி
அந்த மூன்றரையையும்
இருபத்தைந்து ஆண்டால் பெருக்கி வைத்திருக்கிறது.

அவள் வால்பரைசோக்காரி.
கடற்காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும்
படிக்கட்டுத் தெருக்களில் வளர்ந்தவள்.
காற்றை மறந்துவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது:
மேலே வெயில்,
கீழே ஒரு மாறிலி, அதனோடு
காற்றின் வேகத்தால் பெருக்கிய இன்னொரு மாறிலி.
வகுத்து வந்ததை வெளிச்சூட்டோடு கூட்டு,
தகட்டின் சூடு வந்துவிடும்.

வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று
வரும் திசைக்கொரு பெயர் வைத்த மொழியில்
இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
அவள் சூத்திரத்தில் காற்றுக்குத் திசை இல்லை,
ஈரமில்லை, எடையில்லை.
ஒற்றை எழுத்து.

அந்த எழுத்துக்கு எண் கொடுப்பவை
பத்து மீட்டர் கம்பத்தின் உச்சியில் சுழலும்
மூன்று கிண்ணங்கள்.
வினாடிக்கு மூன்று மீட்டர் என்றன.
அவையும் பொய் சொல்லவில்லை.
அங்கே அப்படித்தான் வீசுகிறது.
அங்கே தகடு இல்லை, அவ்வளவுதான்.

இதை எலெயுத்தேரியோ லியெந்த்ரோ
வாய்விட்டுச் சொல்லவில்லை.
மின்கம்பி இழுப்பவர், கணினித் திரையைக் கண்டாலே
முகத்தைத் திருப்பிக்கொள்பவர்.
அக்காவின் லாமாக்களுக்குக் காதில் குஞ்சம் கட்டி மிஞ்சிய
சிவப்புக் கம்பளி நூல் ஒரு உருண்டை
வண்டியில் கிடந்தது.
வரிசைக்கு ஒரு தகட்டின் அடியில்
முழ நீளம் கட்டிக்கொண்டே போனார்.
எதற்கு என்றாள்.
குனி, என்றார்.

முதல் வரிசையில் நூல்
படுத்தபடி பறந்தது.
நாலாவதில் சாய்ந்தது.
எட்டாவதில் யோசித்தது.
பன்னிரண்டில்,
கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி
ஆடாமல் அசையாமல் தொங்கியது.
கடைசிப் பந்திக்கு வந்த பாயசம்:
வாளி வருகிறது,
கரண்டி அடியைச் சுரண்டுகிறது.

அவள் மண்டியிட்டுக் கையை உள்ளே நீட்டினாள்.
அடுப்பை அணைத்த பிறகும்
அடுக்களை வைத்திருக்கும் சூடு.

அப்புறம் மூன்று வாரம்.
இடுப்புயரத்தில் சின்னக் கிண்ணங்கள்.
வரிசைக்கொரு காற்று, காற்றுக்கொரு எண்.
அப்போதும் கணக்கு இடித்தது.

இங்கே உயரம் இரண்டாயிரத்து நானூறு மீட்டர்.
மாறிலிகளோ எவரோ கடல் மட்டத்தை ஒட்டி அளந்தவை.
இந்தக் காற்றுக்கு முக்கால் கனம்தான்.
அதே வேகத்தில் ஓடிவந்தாலும்
அதன் பை சிறியது,
அள்ளிப்போகும் சூடு கொஞ்சம்.
கட்டுப்பாட்டு அறையின் பதினாறு படி ஏறினாலே
இவளுக்கு இளைக்கும்.
இரண்டும் ஒரே சங்கதி என்று
மூன்று மாதமாக நெஞ்சு சொல்லிக்கொண்டிருந்தும்
தலைக்கு எட்டவில்லை.

சந்தியாகோவிலிருந்து போன்:
'அறிக்கையில் காற்றைக் குறைத்தது யார்?'
'குறைக்கவில்லை,' என்றாள்.
'கம்பத்திலிருந்து கீழே இறக்கினேன்.'
மறுமுனையில் யாரோ காகிதம் புரட்டும் ஓசை.
வங்கிக்கு அந்த வாக்கியம்
எந்தப் பத்தியிலும் பொருந்தவில்லை.

ஒன்பது இப்போது ஒன்றரை.
அந்த ஒன்றரைக்கு விளக்கம் இல்லை.
சில நாள், ஐந்து மணி வாக்கில்,
பன்னிரண்டாம் வரிசை நூல் மட்டும் எழுந்து
எல்லா நூலுக்கும் எதிர்த்திசையில்
இரண்டு நிமிடம் நிற்கிறது.
லியெந்த்ரோவைக் கேட்டால் தோளைக் குலுக்குகிறார்.
அட்டவணையின் கடைசிக் கட்டத்தில்
'மீதி' என்று எழுதிச் சேமித்தாள்.

வெயிலில் நூல்கள் வெளுத்து
ரோஜா நிறமாகிவிட்டன.
அவிழ்க்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது.
இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.